பிராப்பர்ட்டி ரூம் சாவி

பக்கிரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது செஷன்ஸ் கோர்ட்டு வராந்தாவில், டீச்சர். கையில் விலங்கு. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கேஸில் அன்றைக்கு விசாரணை முடிந்து, நான் வெறும் சாக்குப் பையோடு படியிறங்கப் போனேன். "பிராப்பர்ட்டி ஐயா" என்று கூப்பிட்டான். நின்றேன்.

"அது என் அருவா இல்லைங்க. என்னுது உங்க ரூம்லதான் எங்கயாச்சும் கெடக்கும். கெடைச்சா என் மச்சான்கிட்ட குடுத்துடுங்க. தேங்கா வெட்டப் போறதுக்கு அவனுக்கு வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டவன் கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி சொன்னான். நான் "சரி" என்றேன். போலீஸ்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவனை நடத்திக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அப்போது நான் போகவில்லை.

உங்கள் மகள் பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், கோர்ட்டில் இருந்தவர்தானே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் பாட்டுக்கு எவனோ பக்கிரியைச் சொல்கிறேன். போகலாம், வேண்டாம், இரண்டில் ஒரு வார்த்தை போதும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? நம் டோக்கன் அறுபத்திரண்டு, அறுபத்திமூன்று. இப்போதுதான் இருபத்தேழைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கருவூலத்தில் என்ன அவசரம்? பென்ஷன்காரன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கக் கூப்பிடுகிறார்கள், பாதிப் பேருக்கு இந்த பெஞ்சிலேயே உயிர் போய்விடும் போலிருக்கிறது. உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிராப்பர்ட்டி கிளார்க். எந்த ஊர் என்று வேண்டாம். கேஸில் போலீஸ் எடுத்துக்கொண்டு வருகிற பொருளெல்லாம் என்னிடம்தான் வரும். அரிவாள், கத்தி, சைக்கிள் செயின், ரத்தச் சட்டை, சாராயக் கேன், திருட்டுப் பித்தளைக் குடம். ஒரு தடவை ஓர் ஆர்மோனியப் பெட்டிகூட வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு நம்பர். அந்த நம்பரைச் சீட்டில் எழுதி, மைதாப் பசையில் ஒட்டி, மேலே சணலால் ஒரு கட்டு. விசாரணையின்போது எடுத்துக் கொடுக்கணும். கேஸ் முடிந்தால் மாஜிஸ்திரேட் ஐயா உத்தரவுப்படி உரியவரிடம் திருப்பிக் கொடுக்கணும், இல்லையென்றால் அழிக்கணும். சாவி என்னிடம். இரண்டாவது சாவி கிடையாது. அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பேன். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டேன். என் மனைவி தையல்நாயகி, "எனக்குத் தாலி, உங்களுக்கு அது" என்பாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரே வாரத்தில் இரண்டு அரிவாள் வந்தது. ஒன்று பக்கிரியுடையது. வாய்க்கால் மடைத் தகராறில் பக்கத்து வயல்காரரை வெட்டிக் கொன்றான் என்று கேஸ். வெட்டியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. முந்தின நாள் சண்டை போட்டதைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அவன் வீட்டுக் கூரையில் செருகியிருந்த அரிவாளைப் போலீஸ் எடுத்துக்கொண்டு வந்தது. இன்னொன்று ஓர் அண்ணன் தம்பி அடிதடி. தம்பி அண்ணனைத் தோளில் வெட்டினான். அண்ணன் பிழைத்துக்கொண்டான். தம்பி கப்பலேறிச் சிங்கப்பூருக்கோ எங்கேயோ ஓடிவிட்டான். ஆள் இல்லாமல் அந்தக் கேஸ் அப்படியே நின்றது.

இரண்டையும் காகிதத்தில் சுற்றிச் சீட்டு ஒட்டி ஓர் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கார்த்திகையில் ஒன்பது நாள் விடாத மழை. எங்களுடையது பழைய ஓட்டுக் கட்டடம். நாலு நாள் கோர்ட்டுக்கே லீவு விட்டார்கள். ஐந்தாம் நாள் திறந்து பார்த்தால் மேல்தட்டு ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் விட்டுவைத்ததை எலி பார்த்துக்கொண்டது. எலிக்கு மைதாப் பசை என்றால் உயிர், டீச்சர். சீட்டைத் தின்றிருந்தது, காகிதத்தைத் தின்றிருந்தது, சணலைத் துண்டு துண்டாகக் கடித்துப் போட்டிருந்தது. இரண்டு அரிவாளும் பக்கத்தில் பக்கத்தில் மொட்டையாகக் கிடந்தன. அன்றைக்குத்தான் பக்கிரி அரிவாளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு.

என்ன செய்திருக்கணும்? ஐயாவிடம் போய், இப்படி ஆகிவிட்டது ஐயா, போலீஸைக் கூப்பிட்டு எது எதென்று அடையாளம் காட்டச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கணும். சொன்னால் மெமோ வரும். எனக்கு வேலை நிரந்தரமாகி ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றில் கறை இருந்தது. இன்னொன்று சுத்தமாக இருந்தது. கொலைக் கேஸ் அரிவாளில்தானே ரத்தம் இருக்கும்? யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள். கறை இருந்ததற்குப் பக்கிரி நம்பரை எழுதிக் கட்டினேன். மற்றதற்கு மற்ற நம்பர். புதுக் காகிதம், புதுச் சீட்டு, புதுப் பசை. கால் மணி நேர வேலை.

பரிசோதனையில் மனித ரத்தம் என்று எழுதி வந்தது. பார்த்தாயா, நாம் நினைத்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வழியில் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பரிசோதனைக்குப் போன பொருளை அங்கே பிரித்துப் பார்த்துவிட்டு அவர்கள் முத்திரை போட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள். அதற்கப்புறம் பழைய சீட்டு எங்கே என்று எவனும் கேட்க மாட்டான். எவனும் கேட்கவில்லை.

மறுவருஷம் ஆவணியில் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. பொருளை நான்தான் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன், சாக்குப் பையில். கண்டக்டர், "என்னங்க, கருவாடா?" என்றான். "கோர்ட்டு சாமான், கொலைக் கேஸ்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து பின்னால் போய்விட்டது. ஊர் போகிற வரைக்கும் எனக்கு இரண்டு பேர் சீட்டு.

கூண்டில் நின்றிருந்தான் பக்கிரி. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தான். அரிவாளை எடுத்துக் காட்டி உன்னுடையதா என்று கேட்டார்கள். கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"இல்லைங்க. இதுல பிடிக்குக் கயிறு சுத்தியிருக்கு. என்னுது பித்தளைப் பூண் போட்டது."

சர்க்கார் வக்கீல், "ஏம்ப்பா, பொண்டாட்டிக்குப் போட்டியோ இல்லியோ, அருவாளுக்கு நகை போட்டு வச்சிருந்தியா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லாக் குற்றவாளியும் இப்படித்தான் சொல்வான், டீச்சர். என் சட்டை இல்லை, என் செருப்பு இல்லை, அது நான் இல்லை. கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்திருக்கும். ஆனால் நான் சிரித்து முடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேனே, மற்றதில் பூண் இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். கறை ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அண்ணனைத் தோளில் வெட்டிய அரிவாளிலும் மனித ரத்தம்தானே இருக்கும்?

அதற்கப்புறம்தான் வராந்தாவில் அவன் கூப்பிட்டது.

இனிமேல்தான் உங்கள் மகள் சங்கதி வருகிறது. பக்கிரிக்கு வாதாடியவர் ஹபீபுல்லா வக்கீல். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். நான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவன். பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு சரி, மற்றதெல்லாம் நானே படித்துக்கொண்டது. அவர் ஆபீஸிலிருந்து சட்டப் புத்தகம் வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, சந்தேகம் கேட்பேன். அவருக்கு அது பிடிக்கும்.

"வைரக்கண்ணு, எத்தனை நாளைக்கு எலியோட குடும்பம் நடத்துவே? சட்டம் படி. திருச்சியில மூணு வருஷம். முடிச்சுட்டு நேரா என் ஆபீசுக்கு வா, ஒரு நாற்காலி போடறேன்."

"வேலை இருக்கே சார்."

"வேலை எங்கய்யா போவுது? சம்பளமில்லாத லீவு போடு. வக்கீல் தொழில் புடிக்கலைன்னா திரும்பி வந்து எலியைப் பாத்துக்க."

தையல்நாயகியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. விண்ணப்பத்தை அவளே போய் வாங்கிக்கொண்டு வந்தாள், அவளே தபாலில் போட்டாள். "அண்ணன் வீட்டு நெல்லு வருது. எனக்கு என்ன, பட்டினியா கிடக்கப் போறேன்? மூணு வருஷம் கண்ணை மூடித் திறந்தா போயிடும்" என்றாள். அடுத்த வருஷம் ஆனி மாசம் இடம் கிடைத்துவிட்டது என்று கார்டு வந்தது. தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு அம்மா அவளை "வக்கீலம்மா" என்று கூப்பிட்டது. "நீங்க இன்னும் ரெண்டு தரம் கூப்பிடுங்க, திரும்பிப் பார்க்கப் பழகிக்கிறேன்" என்றாள் இவள்.

நானும் ஆசைப்பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. கறுப்புக் கோட்டில் என்னை நினைத்துப் பார்த்தேன். தராசில் இந்தப் பக்கம் குமாஸ்தா வேலை, அந்தப் பக்கம் வக்கீல் வேலை. எத்தனை தடவை வைத்துப் பார்த்தாலும் அந்தப் பக்கம்தான் இறங்கியது.

லீவுக்கு எழுதுவதற்கு முன்னால் ஹெட் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டேன். கோதண்டம் என்று பெயர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலேயே சொன்னார்: "தாராளமாப் போங்க. முதல்ல சார்ஜை ஒப்படைச்சுட்டுப் போங்க. ரூம்ல இருக்கிற மொத்தத்துக்கும் லிஸ்ட் போட்டு, ஒவ்வொண்ணையும் பிரிச்சுக் காட்டி, போலீஸ் படிவத்தோட ஒத்துப் பாத்து, வாங்கறவர் கையெழுத்து. லூர்துசாமி எடுத்துக்குவார்."

லூர்துசாமி எப்படிப்பட்டவர் தெரியுமா? நூலகத்தில் புத்தகம் எடுத்தால் பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர். அன்று மத்தியானமே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, பின்னால சங்கடம் வரக்கூடாது பாருங்க. பொட்டலம் ஒண்ணு விடாம பிரிச்சுத்தான் வாங்குவேன். தீப்பெட்டின்னு இருந்தா குச்சியை எண்ணுவேன்."

"எண்ணுங்க சார், எண்ணுங்க" என்று சிரித்தேன். உள்ளே போய் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கிரி அரிவாள், அதாவது பக்கிரி நம்பரில் போனது, செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. அண்ணன் தம்பி கேஸ் அரிவாள் இங்கே இருக்கிறது, நான் கட்டிய கட்டிலேயே. அதை லூர்துசாமி பிரிப்பார். போலீஸ் படிவத்தில் கயிறு சுற்றிய பிடி என்று எழுதியிருந்து, உள்ளே பித்தளைப் பூண் இருந்தால்?

படிவத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறீர்கள். பக்கிரி கேஸ் படிவத்தில் பிரயோஜனம் இல்லை, ஏட்டு 'மரப்பிடி போட்ட அரிவாள் ஒன்று' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு கேஸ் கட்டு அடுத்த அறை பீரோவில் இருந்தது. பதினைந்து அடி தூரம். இரண்டு தடவை அந்த பீரோ வரைக்கும் போனேன். ஒரு தடவை கட்டைக் கையில்கூட எடுத்துவிட்டேன். நாடாவை அவிழ்க்கவில்லை. பாருங்கள் டீச்சர், பார்க்காத வரைக்கும் அது பாதிக்குப் பாதி. மாறியும் இருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். நான் கட்டியது சரியாகவே இருக்கலாம் இல்லையா? அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஹபீபுல்லா வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு சனிக்கிழமை. மேஜைமேல் பெரிய கட்டு.

"உனக்கு முதல் வேலை ரெடி. பக்கிரி அப்பீல். லீவு நாள்ல வந்து படி. பொருள் ரூம் நடைமுறை உனக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்கே தெரியாது. அந்தப் பய ஜெயில்லேர்ந்து லெட்டர் மேல லெட்டர் போடறான். பிடி வேற, பிடி வேறன்னு. வேற ஒண்ணுமே எழுத மாட்டேங்கறான். நான் இத்தனை வருஷத்துல எத்தனையோ பொய்யைக் கேட்டிருக்கேன். பொய் சொல்றவன் இவ்வளவு சின்ன விஷயத்தைப் புடிச்சுக்கிட்டு இருக்க மாட்டான். நீ சொல்லு. உங்க ரூம்ல பொருள் மாறுமா?"

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"மாறாது சார்."

"மழையில, எலி கிலி?"

"எலி இரும்பைத் தின்னாது சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வக்கீல் பதில்யா இது! அதான் சொல்றேன், உன் இடம் இதுதான்னு." என் தோளில் தட்டினார். அவர் கை பட்ட இடம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் எரிந்தது.

யோசித்துப் பாருங்கள். வேலையில் இருந்து போனால் லூர்துசாமி பிரிப்பார். போய்ப் படித்து வக்கீலானால் அந்தக் கட்டை நானே பிரிக்கணும். பிரித்து, பக்கிரிக்காக, எனக்கு எதிராக நானே கேள்வி எழுதணும். சட்டம் படித்தால் நான் செய்தது இன்ன பிரிவு, இன்ன தண்டனை என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள மூன்று வருஷம் லீவு போட்டுத் திருச்சிக்குப் போகணுமா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, டீச்சர், அது குற்றமா, கவனக்குறைவா, ஒன்றுமே இல்லையா என்று. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த அலமாரியைத் திறந்தேன். பிரிக்க வேண்டாம், காகிதத்துக்கு மேலாகத் தடவிப் பார்த்தாலே போதும், பூணா கயிறா என்று விரலுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கையை வைத்தேன். வழவழப்பாக, ஜில்லென்று ஏதோ இருந்த மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன். அலகாகக்கூட இருக்கலாம். அலகும் ஜில்லென்றுதானே இருக்கும்?

தையல்நாயகியிடம், லீவு கிடைக்கவில்லை, மேலே மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"எழுதிக் குடுத்து மறுத்துட்டாங்க."

"ஆமா."

"சரி" என்றாள். நம்பிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பின்னாளில் யாராவது, இவர் ஏன் வக்கீலுக்குப் படிக்கவில்லை என்று கேட்டால், "அந்தச் சாவியை இடுப்புலேர்ந்து அவுக்க அவருக்குப் பயம்" என்று விளையாட்டாகச் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளுக்கு எப்போதும் கேலிதான்.

ஹபீபுல்லா வக்கீலிடம், வீட்டில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவர், "கொடுத்து வைக்கலை" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு நாள் கோர்ட்டு வாசலில் வைத்துச் சொன்னார்: "பக்கிரி போயிட்டான்யா. மஞ்சக்காமாலை. முந்தாநாள் ஜெயில் ஆஸ்பத்திரியில." அப்பீலும் அதோடு முடிந்தது. ஆள் இல்லையென்றால் அப்பீல் இல்லை. நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்வேன். முதலில் எனக்கு மூச்சு வந்தது. இனி அந்தக் கட்டை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பாவம் என்று தோன்றியது அதற்கப்புறம்தான்.

ஒரு மாசம் கழித்து அவன் மச்சான் என் ஜன்னலுக்கு வந்து நின்றான். "மாமா சொல்லி வுட்டிருந்தாரு, அவரு அருவா இங்க இருக்குதாம்" என்றான். கேஸ் பொருளெல்லாம் அப்படிக் கொடுக்க முடியாது, உத்தரவு வேணும் என்றேன். "உத்தரவு எங்க வாங்கறதுங்க?" என்றான். ஹபீபுல்லா வக்கீலைப் போய்ப் பார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மேலே கேள் என்றேன். மேலே பார்த்தான். கூரைதான் இருந்தது. போய்விட்டான்.

செஷன்ஸில் இருந்த அரிவாள் உத்தரவோடு திரும்பி வந்தது. கொல்லரைக் கூப்பிட்டு ஐயா முன்னிலையில் உடைத்து அழித்தோம். இன்னொன்றை அழிக்க முடியாது. தம்பிக்காரன் பிடிபடுகிற வரைக்கும் அந்தக் கேஸ் உயிரோடு இருக்கும். அவன் வரவே இல்லை.

அப்புறம் என்ன, இருபத்தேழு வருஷம் அந்த ரூமில்தான் இருந்தேன். பயம் பழகிவிடும் என்பார்கள். பழகவில்லை. புது மாஜிஸ்திரேட் வரும்போதெல்லாம், ரூமை ஒரு நாள் பார்க்கணும் என்று அவர் சொல்கிற வரைக்கும் சோறு இறங்காது. இரண்டு தடவை பதவி உயர்வு வந்தது, எழுதிக் கொடுத்து வேண்டாம் என்றேன். போனால் சார்ஜ் ஒப்படைக்கணுமே? மாற்றல் வந்தால் ஐயாக்களே எழுதி நிறுத்திவிடுவார்கள். அந்த ரூம் வைரக்கண்ணுவுக்குத்தான் தெரியும், நேர்மையான ஆள், பதவிகூட வேண்டாம் என்கிறான் என்பார்கள். ஒரு வருஷம் குடியரசு தினத்தில் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். பத்து நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் லீவு போட்டால் வேறு ஆள் பொறுப்பு எடுத்துவிடுவார். அதனால் போட்டதில்லை. தையல்நாயகி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபத்திமூன்று நாள் கிடந்தாள். ஒன்பது நாள் இருந்தேன். அப்புறம் காலையில் கோர்ட்டு, சாயங்காலம் பஸ். இருபத்திமூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது கட்டிலில் வேறு ஓர் அம்மா படுத்திருந்தது. அவள் அண்ணன் வெளியே நின்றிருந்தார். "மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, மாப்ள" என்றார். நான் வேலையை விட முடியாத சூழ்நிலை, அவளுக்கு அது தெரியும்.

நாற்பத்தொன்றா? இன்னும் நேரம் இருக்கிறது.

ஓய்வு பெறுகிற நாள் வந்தது. அதற்கு ஒரு மாசம் முன்னாலேயே எனக்குச் சாப்பாடு தங்கவில்லை. இதிலிருந்து தப்பிக்க வழி இல்லை. சார்ஜ் ஒப்படைத்தே ஆகணும். லூர்துசாமி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். எடுத்துக்கொள்ள வந்தது சுகிர்தா என்று ஒரு சின்னப் பெண். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நான் பட்டியலை அடித்து, நாலு பிரதி எடுத்து, ரூமைப் பெருக்கி, பொட்டலங்களை வரிசையாகத் தரையில் அடுக்கி வைத்திருந்தேன். இன்றோடு தெரிந்துவிடும், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

அந்தப் பெண் வாசலிலேயே நின்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"சார், எனக்கு நாலே முக்கால் பஸ். எங்க கையெழுத்துப் போடணும்?"

"பிரிச்சுப் பார்க்க வேண்டாமா அம்மா?"

"நீங்க இத்தனை வருஷம் பாத்ததை நான் என்ன சார் புதுசாப் பாக்கப் போறேன்?"

"விதி இருக்கும்மா. ஒவ்வொண்ணாப் பிரிச்சு..."

"அய்யோ சார், உள்ள எலி ஓடுது. குடுங்க."

நான் நிலைப்படியில் நின்றேன். பிரித்துப் பாரம்மா, அந்தத் தட்டில் இருக்கிற நீளப் பொட்டலத்தை மட்டுமாவது பிரி என்று சொல்ல வாய் வந்தது. பேனாவை நீட்டினேன். நாலு பிரதியிலும் சுவரில் வைத்தே போட்டுவிட்டது. சாவியை அவிழ்க்கத்தான் நேரம் ஆனது. முடிச்சு இறுகியிருந்தது. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டினேன். "ஹேப்பி ரிடையர்மென்ட் சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஓடிப்போய் பஸ் பிடித்தது.

பயம் அன்றோடு போயிருக்கணும் இல்லையா? எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. வயது ஒரு தடை இல்லை, இப்போதுகூடப் படிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மகளைப் போகச் சொல்லுங்கள், டீச்சர். நல்ல படிப்பு. போகிறதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பேங்கில் அவள் கையில் இருக்கிறது எல்லாவற்றையும் அடுத்தவர் பிரித்துப் பார்க்கலாமா என்று. ஆமாம் என்று சொன்னால் நாளைக்கே அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னால் அவளிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காதீர்கள். யோசிக்கிறவளை என்ன செய்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாலு பிரதியில் ஒன்று என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. அதற்கு மேலே, 'எல்லாப் பொருள்களும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிபார்க்கப்பட்டன' என்று ஒரு வரி இருக்கிறது. அதை டைப் அடித்தது நான்தான்.